அம்மோனியா அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்குத் தெற்கே, விருதுநகர் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் பகுதியில் சிமென்ட் ஆலைகள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. சிமென்ட் சூளைப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, ஏறத்தாழ 850 முதல் 1,050 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள பகுதியில் அம்மோனியா நீரையோ யூரியாக் கரைசலையோ தெளிப்பது வழக்கமான முறை. வினைபுரியாமல் தப்பி வெளியேறும் அம்மோனியாவைத்தான் ‘ஸ்லிப்’ என்கிறோம். அதை அளப்பதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே வகையானவை: இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடுவது.

அம்மோனியா குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீர்த்துளி கண்டால் கரைந்துவிடும். புகைபோக்கியிலிருந்து அனலைசர் (வாயுவை அளக்கும் கருவி) வரை புகை மாதிரியைக் கொண்டுவரும் குழாய் முழுவதையும் 180 டிகிரிக்குக் குறையாமல் சூடாக வைத்திருப்பது அதனால்தான். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் குழாய் குளிர்ந்துவிடாது என்று எண்ணுவது தவறு. ஈரம் மிகுந்த புகைக்கு அந்த வெயிலும் குளிர்ச்சியே. குழாய் முழுவதும் சூடாக இருந்தும், அனலைசருக்குள் நுழையும் இணைப்பில் ஒரு சாண் மட்டும் வெப்ப உறை இல்லாமல் விடுபட்டால் போதும், அங்கேயே நீர் கோத்து அம்மோனியாவை விழுங்கிவிடும். குளிரூட்டி உலர்த்திய மாதிரியில் அம்மோனியாவை அளக்க முயல்வதும் இதே காரணத்தால் வீண்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. சில நைட்ரஜன் ஆக்சைடு அனலைசர்களில் உள்ள உயர்வெப்ப கன்வெர்ட்டர் (நைட்ரஜன் டை ஆக்சைடை அளப்பதற்காக நைட்ரிக் ஆக்சைடாக மாற்றும் பகுதி), மாதிரியில் கலந்துவரும் அம்மோனியாவையும் நைட்ரிக் ஆக்சைடாக மாற்றிவிடும். நைட்ரஜன் ஆக்சைடு ஏறிவிட்டதாகத் திரை காட்ட, தானியங்கிக் கட்டுப்பாடு இன்னும் அம்மோனியாவைத் தெளிக்க, ஸ்லிப் மேலும் ஏறும். தெளிப்பைக் கூட்டியும் நைட்ரஜன் ஆக்சைடு இறங்கவில்லையென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கன்வெர்ட்டரை.

அலகுக் குழப்பமும் அடிக்கடி நேர்வதுதான்: திட்ட வெப்ப அழுத்த நிலையில் (0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம்) 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அம்மோனியா என்பது ஒரு கன மீட்டருக்கு சுமார் 0.76 மில்லிகிராம்.

சிமென்ட் ஆலைகளில் மூலப்பொருள் அரைக்கும் மில் ஓடும்போது மட்டும் அளந்துவிட்டு நிறைவடைவதும் சரியன்று. மில் ஓடும் நேரத்தில் அரைபடும் மாவு அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மில் நின்றதும் அந்தத் தடை நீங்கி, புகைபோக்கியில் அளவு சட்டென உயர்கிறது. சுண்ணாம்புக்கல்லிலும் களிமண்ணிலும் இயல்பாகவே இருக்கும் அம்மோனியாவும் இதில் சேர்வதால், தெளிப்பை நிறுத்திவிட்டு, மில் ஓடும்போது ஒருமுறையும் நின்றபோது ஒருமுறையும் அளந்து குறித்துவைத்த பிறகே எவ்வளவு தெளிப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.