காது வலியும் காது அடைப்பும்: மருத்துவரைப் பார்க்கும் வரை வீட்டில் செய்ய வேண்டியவை

காது வலி பெரும்பாலும் இரவில்தான் முற்றுகிறது. பகலெல்லாம் சளியும் தும்மலுமாக நடமாடிக்கொண்டிருந்தவருக்கு, படுத்த சிறிது நேரத்தில் காதுக்குள் குத்தத் தொடங்கிவிடும். படுக்கும்போது நடுச்செவியில் அழுத்தம் கூடுவதே இதற்குக் காரணம். அந்த நேரத்தில் மருத்துவர் கிடைக்க மாட்டார், ஆனால் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அந்த ஓர் இரவைக் காதுக்குக் கெடுதல் செய்யாமல் கடப்பது எப்படி என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் படி: காதுக்குள் எதையும் விடாதீர்கள்

பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், சென்ற ஆண்டு வாங்கி அலமாரியில் மீந்திருக்கும் சொட்டு மருந்து ஆகிய எதுவும் இப்போது வேண்டாம். பெரியவர்களின் காதுத் துளை ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுள்ள ஒரு பாதை. அதன் முடிவில் செவிப்பறை என்னும் மெல்லிய சவ்வு அடைத்துக்கொண்டிருக்கிறது. சளி பிடித்தபின் வரும் கடுமையான வலி பெரும்பாலும் அந்தச் சவ்வுக்கு அப்பால், நடுச்செவியில் சீழும் நீரும் தேங்குவதால் உண்டாவது. வெளியிலிருந்து விடும் எண்ணெய் அங்கே சென்று சேராது. சவ்வு கிழிந்திருந்தாலோ சேர்ந்துவிடும். அது இன்னும் மோசம். எண்ணெய் சற்றுச் சூடாக இருந்துவிட்டால் வலியோடு தீக்காயமும் சேர்ந்துகொள்ளும். ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, கோழி இறகு ஆகியவற்றை விலக்கும்போது பஞ்சு சுற்றிய குச்சியையும் அவற்றோடு சேர்த்தே விலக்குங்கள்.

இரண்டாம் படி: வலி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

காதுத் துளைக்கு முன்புறம், கன்னத்தை ஒட்டி, ஒரு சிறிய குருத்தெலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் மெதுவாக அழுத்துங்கள்; பிறகு காது மடலைப் பிடித்து மேலும் கீழுமாக லேசாக அசையுங்கள். இதில் வலி சுரீரென்று கூடினால், கோளாறு காதுப் பாதையின் தோலில் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். குளம், கிணறு, நீச்சல் குளம் எனத் தண்ணீரில் நெடுநேரம் ஆடியவர்களுக்கும், காதைக் குடைந்து தோலைக் கீறிக்கொண்டவர்களுக்கும் இது வரும். வலியைவிட அரிப்பு மிகுந்திருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். நம்முடையதைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் அது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது.

மடலை அசைத்தும் வலி மாறாமல், உள்ளே ஆழத்தில் விண்விண்ணென்று தெறித்து, சளியும் காய்ச்சலும் உடனிருந்தால் நடுச்செவித் தொற்றை நினைக்க வேண்டும். மெல்லும்போதும் வாயை அகலத் திறக்கும்போதும் மட்டும் வலித்தால் கடைவாய்ப் பல்லையோ தாடை மூட்டையோ சந்தேகியுங்கள். காதில் எந்தக் குறையும் தென்படாமல் ஒரு பக்கம் மட்டும் வாரக்கணக்கில் வலிக்கும் பெரியவர்கள், குறிப்பாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், தொண்டையைக் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தொண்டையில் தோன்றும் புற்றுநோய்கூட முதலில் காது வலியாகத் தெரிவதுண்டு.

மூன்றாம் படி: வலியைக் குறையுங்கள்

இந்த இரவில் உண்மையான பலன் தருவது பாராசிட்டமால்தான். கல்லீரல் நோயோ மிகுந்த குடிப்பழக்கமோ இல்லாத, சராசரி எடையுள்ள பெரியவர்கள் 500 மி.கி. மாத்திரை ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு, அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளிக்கென்று கடையில் தரும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்தே அளவு கணக்கிட வேண்டும்: ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி.; ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. ஆகிறது. தவறு நேர்வது இதற்குப் பிறகுதான். கடையில் கிடைக்கும் சிரப்புகள் எல்லாம் ஒரே செறிவுள்ளவை அல்ல. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள புட்டியானால் அந்தக் குழந்தைக்கு 6 மி.லி. கொடுக்க வேண்டும், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள புட்டியானால் 3 மி.லி.யே போதும். ஆகவே புட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே மூடியைத் திறவுங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு மருந்தே கொடுக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கூடாது.

தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தால் அழுத்தம் குறையும். வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியைக் காதின் மேல் வைத்து ஒற்றடம் கொடுக்கலாம். உங்கள் முன்கையில் வைத்துச் சூடு தாங்குகிறதா என்று முதலில் பாருங்கள். மீந்துபோன ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் தொட வேண்டாம். நடுச்செவித் தொற்று பலருக்கும் ஏறத்தாழ மூன்று நாட்களில் அவை இல்லாமலே தணிந்துவிடும். அவை யாருக்குத் தேவை என்பதை மருத்துவர் காதைப் பார்த்து முடிவுசெய்வார்.

நான்காம் படி: வலியில்லாத அடைப்பு

மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் ஒரு குறுகிய குழாய் இணைக்கிறது. சளியால் அது வீங்கி மூடிக்கொண்டால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து காது அடைத்துப்போகும். கொடைக்கானல் மலையிலிருந்து பேருந்தில் இறங்கும்போதும் விமானம் தரையிறங்கும்போதும் காது அடைப்பது இந்தக் குழாய் உடனுக்குடன் திறக்காததால்தான். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறக்கும். எனவே மிட்டாய் சப்பலாம், தண்ணீரைச் சிறிது சிறிதாக விழுங்கலாம், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கிப் பாருங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு காற்றைக் காதுப் பக்கம் தள்ளும் முறையை மிக மென்மையாக மட்டுமே செய்யலாம். கெட்டிச் சளியும் காது வலியும் இருக்கும்போது செய்யவே கூடாது. சைலோமெட்டாசோலின் போன்ற மூக்குச் சொட்டு மருந்தை ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மூக்கடைப்பு முன்னிலும் மோசமாகத் திரும்பிவரும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்டுவிட்டே பயன்படுத்த வேண்டும்.

தலை குளித்து வந்த உடனே ஒரு காது ‘கும்’மென்று அடைத்தால், உள்ளே இருந்த குறும்பி நீரில் ஊறிப் பருத்திருக்கலாம். இதற்கு எண்ணெய்ச் சொட்டு உதவும். ஆனால் வலி, சீழ், செவிப்பறையில் ஓட்டை, முன்பு செய்த காது அறுவை ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் விடக் கூடாது. ஆலிவ் எண்ணெயையோ மருந்துக் கடையில் கிடைக்கும் சோடியம் பைகார்பனேட் சொட்டையோ உள்ளங்கையில் சற்று நேரம் பிடித்து உடற்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த சொட்டு விழுந்தால் தலை சுற்றும். அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, மடலை மேலும் பின்னுமாக இழுத்து, இரண்டு மூன்று சொட்டுகள் விட்டு ஐந்து நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். சில நாட்கள் செய்தும் இளகி வராவிட்டால் மருத்துவர் எடுத்துவிடுவார். காதுக்குள் மெழுகுக் குழலைக் கொளுத்தி அழுக்கை உறிஞ்சுவதாகச் சொல்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அது உறிஞ்சுவதில்லை, சுடும்.

ஐந்தாம் படி: உடனே புறப்பட வேண்டிய நிலைகள்

வாயை மூடிக்கொண்டு ‘ம்…’ என்று இழுத்து முனகிப் பாருங்கள். குறும்பியோ நீரோ அடைத்திருந்தால் அந்த ஒலி அடைத்த காதில் பெரிதாகக் கேட்கும். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால், அடைப்பு என்று நீங்கள் நினைத்தது உட்செவி நரம்பின் செயலிழப்பாக இருக்கக்கூடும். இது வீட்டில் கிடைக்கும் குறிப்பு மட்டுமே. ஒலி எந்தப் பக்கம் கேட்டாலும், திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கேட்கும் திறன் மீளும் வாய்ப்பு குறையும்.

காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் வீங்கிச் சிவந்து மடல் முன்னோக்கித் தள்ளியிருப்பது, முகம் ஒரு பக்கம் கோணுவது, கடும் தலைசுற்றல், கழுத்து விறைப்பு, அடங்காத காய்ச்சல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். நீரிழிவு உள்ள முதியவர்களுக்கு இரவில் தூங்கவிடாத காது வலி வந்தால், தொற்று மண்டை எலும்புக்குப் பரவும் ஆபத்து இருப்பதால், அதையும் இதே வரிசையில் வையுங்கள். குழந்தை கடிகார பேட்டரியைக் காதில் போட்டுக்கொண்டால் ஒரு சொட்டு நீர்கூட விடாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஆறாம் படி: தணிந்த பிறகு

கடுமையான வலி சட்டென்று நின்று, தலையணையில் சீழோ இரத்தம் கலந்த நீரோ பட்டிருந்தால், செவிப்பறை கிழிந்து அழுத்தம் வெளியேறியிருக்கிறது என்று பொருள். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சில வாரங்களில் அது தானே மூடிக்கொள்ளும். ஆயினும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அதுவரை குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதின் வாயில் வையுங்கள், தலையை நீரில் முழுக்காதீர்கள், மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள்.

குழந்தைகளுக்கு வலி போன பின்னும் நடுச்செவியில் நீர் பல வாரங்கள் தங்கலாம். கூப்பிட்டால் திரும்பாமலும், தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்கார்ந்துகொண்டும் இருந்தால் அது அடமாக இல்லாமல் கேளாமையாக இருக்கலாம் என்பதால், வகுப்பில் முன் வரிசையில் உட்கார வைக்கும்படி ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். மூன்று மாதமாகியும் அப்படியே இருந்தால் செவித்திறன் பரிசோதனை செய்ய வேண்டும்.