30க்கு 40 மனையில் மழைநீர்: பெங்களூரு மண்ணுக்கேற்ற முறை

2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பலருக்கும் பழகிப்போன முறை ஒன்று உண்டு. வாசலோரம் மூன்றடிக் குழி, உள்ளே ஜல்லியும் மணலும், மேலே துளை போட்ட மூடி. அல்சூரிலோ விவேக் நகரிலோ வீடு கட்டும் நம்மவர்கள் அதே குழியை இங்கும் வெட்டச் சொல்கிறார்கள். சென்னையின் கடலோர மணலில் அது தண்ணீரைக் குடித்துவிடும். பெங்களூரில் மேலே செம்மண், அடுத்து சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப்பாறை. மூன்றடியில் தண்ணீர் மெல்லத்தான் இறங்கும், ஆனால் சாயங்கால இடிமழை ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் இங்கே வரிசை வேறு: முதலில் சம்பு, அதாவது தரைக்கடித் தொட்டி, நிரம்ப வேண்டும், வழிவது ஊறல் கிணற்றுக்குப் போக வேண்டும்.

1,200 சதுர அடி மனையும் அதற்கு மேலும் உள்ள புது வீடுகளுக்கு 2009 முதல் மழைநீர் சேகரிப்பு சட்டப்படி கட்டாயம். பேருக்கு ஒரு குழாயைக் காட்டி அனுமதி வாங்குவதோடு நிறுத்திவிடாதீர்கள், கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். மொட்டை மாடி 1,000 சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர். ஆண்டு மழை சுமார் 970 மி.மீ.; சிந்துவதும் காய்வதும் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 72,000 லிட்டர் கையில் நிற்கும். நம் குழாயில் வரும் காவிரி நீர் 100 கி.மீ. தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் பம்ப் செய்யப்பட்டு வருவது. கூரைத் தண்ணீரோ தானாகவே கீழே இறங்குகிறது.

மாடியும் குழாயும். தளம் 100 அடிக்கு 1 அடியாவது சரிந்திருக்க வேண்டும். மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் மழை அடித்தால் 4 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 85 சதுர மீட்டர் கூரையைத்தான் தாங்கும். எனவே இந்த அளவு வீட்டுக்கு இரண்டு குழாய் வேண்டும். வாய்க்குத் தட்டைச் சல்லடை வேண்டாம், ஒரு சருகு படிந்தாலே அடைத்துக்கொள்ளும். குமிழ் வடிவச் சல்லடை போடுங்கள். பூந்தொட்டிகளைச் சல்லடையிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும். வாஷிங் மெஷின் கழிவுக் குழாய் இந்தக் குழாயில் சேரவே கூடாது.

முதல் மழையை ஒதுக்குவது. புறா எச்சமும் தூசியும் முதல் 1 மி.மீ. மழையிலேயே பெரும்பாலும் கழுவப்பட்டுவிடும். நம் கூரைக்கு அது 93 லிட்டர். பிளம்பர்கள் வழக்கமாக மாட்டும் 4 அங்குலம், ஒரு மீட்டர் நீளத் துண்டு 8 லிட்டர்தான் பிடிக்கும், அதனால் அழுக்கில் பெரும்பகுதி சம்புக்குள் போய்விடும். 6 அங்குலக் குழாய் என்றால் மீட்டருக்கு 18 லிட்டர், ஐந்து மீட்டர் வேண்டும். அதைவிட 100 லிட்டர் டிரம் வைப்பது எளிது. அடியில் ஒரு குழாய் வைத்து, மழை நின்றதும் திறந்து காலி செய்துவிடுங்கள்.

வடிகட்டி. 200 லிட்டர் நீல டிரம். அடியில் 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி, மேலே பருமணல். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே நைலான் வலை. இங்கே ஆற்று மணல் கிடைப்பது அரிது என்பதால் பாறையை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் போடுகிறார்கள். அதன் தூளைப் பலமுறை அலசிக் களையாவிட்டால் ஒரே மழையில் வடிகட்டி அடைத்து, தண்ணீர் மேலே பொங்கித் தெருவுக்குப் போகும். நுண்மணலும் ஆகாது. மணிக்கு 60 மி.மீ. மழையில் இந்தக் கூரையிலிருந்து 5,500 லிட்டருக்கு மேல் இறங்கும், அந்த வேகத்துக்கு அது வழிவிடாது. மாம்பழ மழைக்கு முன் மார்ச்சில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை மணலை வெளியே எடுத்து அலசுங்கள்.

சம்பு. பலரும் கோட்டைவிடும் இடம் இது. காவிரி நீர் வந்து சம்பு விளிம்புவரை நிரம்பி நின்றால் மழைக்கு இடமேது? காவிரி இணைப்பின் மிதவை வால்வை இறக்கி, மூன்றில் இரண்டு பங்கில் நிற்கும்படி வையுங்கள். 6,000 லிட்டர் சம்பில் மேலே 2,000 லிட்டர் மழைக்காகக் காத்திருக்கும். மே மாதத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் மழை உச்சம் என்பதால் அந்த இடம் திரும்பத் திரும்ப நிரம்பும். வழிநீரைப் பாதாளச் சாக்கடையில் விடுவது தவறு, மேன்ஹோல் பொங்கிக் கீழ்வீட்டுக் கழிப்பறையில்தான் எழும்.

ஊறல் கிணறு. வழிநீர் இங்கே வர வேண்டும். மூன்றடி விட்டம், இருபதடி ஆழம், ஓரடி உயரமுள்ள சிமெண்ட் உறைகள் இருபது. கொள்ளளவு சுமார் 4,000 லிட்டர். ஒரே நாளில் 50 மி.மீ. மழை பெய்தால் இந்தக் கூரை தருவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. மேல் ஆறு உறைகளில் துளை வேண்டாம், பக்கத்துச் சாக்கடைக் கசிவு உள்ளே வரும். கீழே உள்ளவற்றில் துளையிட்டு, உறைக்கும் மண்ணுக்கும் இடையே 40 மி.மீ. ஜல்லியைத் திணியுங்கள். அடித்தளத்தில் கான்கிரீட் கூடாது. கிணற்றுக்குள் ஜல்லி நிரப்பவும் கூடாது: பாதிக்கு மேல் கொள்ளளவு போகும், வண்டல் படிந்தால் தூர்வாரவும் முடியாது.

வெட்டுவதற்கு இந்த ஊரில் தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண் ஒட்டர்களைக் கூப்பிடுங்கள். மண் எங்கே சரியும், எங்கே பாறை தட்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். வெட்டும்போது ஒரு ஆள் உள்ளே, ஒரு ஆள் மேலே, இடுப்பில் கயிறு கட்டாயம். பழைய கிணற்றில் இறங்கும் முன் காற்றோட்டம் பாருங்கள், அடியில் பிராணவாயு குறைந்திருக்கும். முடிந்ததும் கான்கிரீட் பலகையும் பூட்டுள்ள இரும்பு மூடியும் போடாமல் ஒரு இரவுகூட விடாதீர்கள், தெருவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

சரியாக ஊறுகிறதா என்று பார்க்க ஒரு டேங்கர் நீரை ஊற்றி மட்டத்தைக் குறித்து வையுங்கள். மூன்று நாள் கழித்தும் அப்படியே நின்றால் களிமண் தட்டியிருக்கிறது, இன்னும் ஆழப்படுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணறு (போர்) இருந்தாலும் அதன் குழாய்க்குள் மழைநீரை நேரே விடாதீர்கள். வடிகட்டாத அழுக்கு ஆழ்நிலத்தடி நீருக்குள் போனால் எடுக்க வழியில்லை.

குடிக்க எடுப்பதானால் கிருமி இருக்கிறதா என்று காட்டும் எச்2எஸ் சோதனை பாட்டிலில் நீரை ஊற்றி இரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் கிருமி உண்டு. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து ஊற்றலாம், பிறகும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். மாடிக்குப் புதிதாக நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்திருந்தால் முதல் சில மழைகளின் நீரைச் சம்பில் சேர்க்காமல் வெளியே விடுங்கள்.