படுவான்கரைக் கிறவல் றோட்டில் முதல் சைக்கிள் பயணம்: படிப்படியாக

மட்டக்களப்பில் மலை எங்கே இருக்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எழுவான்கரையை, அதாவது வாவிக்குக் கிழக்கே கடலோரப் பக்கத்தை, விட்டு வெளிக்கிடாதவர்கள். வாவியைத் தாண்டி மேற்கே படுவான்கரைக்குள் போகப்போக வட்டை (வயல்வெளி) முடிந்து பற்றைக்காடு தொடங்கும். அதற்குள்ளிருந்து கரும்பாறைக் குன்றுகள் எழும்பி நிற்கும். நுவரெலியா ஏற்றத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். கிறவல் (சரளை மண்) றோட்டு, குளக்கட்டு, வாய்க்கால் கரை, பாலையும் வீரையும் நிற்கிற காடு எல்லாம் ஒரே காலையில் கிடைக்கும். சைக்கிள் ஓடத் தெரிந்த, ஆனால் காட்டுப் பக்கம் போய்ப் பழகாத ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தப் பக்கத்தில் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை யானைதான் தீர்மானிக்கும். அதனால் கிலோமீற்றரில் தொடங்காதீர்கள். எத்தனை மணிக்குக் காட்டை விட்டு வெளியே நிற்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

படி 1: காலம் பாருங்கள்

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மழை. கிறவல் சேறாகி ரயரில் அப்பும், தாம்போதிகள் (தண்ணீர் மேலால் பாயும் தாழ்வான பாலங்கள்) மூழ்கும். பெப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் வரைதான் என் தெரிவு. நிலம் இறுகியிருக்கும், குளங்களில் தண்ணீர் நிற்கும், வெயிலும் இன்னும் கொடூரமாகியிராது. பெரும்போக அறுவடைக் காலம் என்பதால் நெல்லேற்றும் மெசின்களின் (உழவு இயந்திரங்களின்) தூசியை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு கச்சான் காற்று எழும்பிவிடும். மேற்கேயிருந்து வரும் வறண்ட சூட்டுக் காற்று அது. காட்டை நோக்கிப் போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். அந்த மாதங்களில்தான் லீவு கிடைக்கிறது என்றால் விடியலிலேயே போய் முடித்துவிடுங்கள்.

படி 2: இருக்கிற சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

இதற்கென்று விலை உயர்ந்த சைக்கிள் வாங்கத் தேவையில்லை. 26 அங்குல றிம்மில் 1.95 ரயர் போட்ட சாதாரண லுமாலா மவுண்டன் சைக்கிள் தாராளம். ஒடுங்கிய ரயர் போட்ட றேஸ் சைக்கிளை மட்டும் வீட்டில் விடுங்கள்.

புதியவர்கள் அதிகம் கவனிக்காதது காத்து. கடையில் கல்லுப் போல அடித்துவிடுவார்கள். கிறவலில் அது துள்ளும், கை விறைக்கும், பிடிப்பும் போகும். 60 - 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 1.95 ரயரில் 35 முதல் 40 பிஎஸ்ஐ போதும். இதைவிட நன்றாகக் குறைத்தால் கூரான கல்லில் ரியூப் றிம்மோடு நசுங்கி இரண்டு இடத்தில் வெட்டும்.

பிறேக் கட்டைகளைப் பாருங்கள், செயினுக்கு ஒல்லுப்போல எண்ணெய் விட்டுத் துடையுங்கள். அதிகம் விட்டால் செம்மண் தூசியெல்லாம் அதில்தான் வந்து ஒட்டும்.

படி 3: பையில் என்ன

ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர், இரண்டு பைக்கற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சத்து மா), உதிரி ரியூப் ஒன்று, ஒட்டுச் சாமான், கைப் பம்ப், ஸ்பனர். விளா முள்ளும் சூரை முள்ளும் ரயருக்குள் ஒடிந்து நிற்கும் என்பதால் பழைய ரியூபைக் கழற்றியதும் புதியதைப் போட்டுவிடாதீர்கள். ரயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வரைபடத்தை முதலே போனில் இறக்கி வையுங்கள். கூகுள் மேப்பில் றோட்டு என்று கீறியிருப்பது சில இடங்களில் வெறும் வாய்க்கால் கட்டாக இருக்கும். செய்மதிப் படத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ். எந்த வழியால் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போகாதீர்கள்.

படி 4: முதல் வழி, உன்னிச்சை

நகரிலிருந்து வலையிறவுப் பாலம், வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சைக் குளம். தொடக்கத்தில் தார், இருபுறமும் வயல். சதா சகாய மாதா திருத்தலம் இருக்கிற ஆயித்தியமலை வரைக்கும் கடை, தண்ணீர், ஆள் நடமாட்டம் எல்லாம் உண்டு. அதனால்தான் புதியவர்களுக்கு இந்த வழியைச் சொல்கிறேன். உடம்புக்கு ஏலாது என்று பட்டால் எந்த இடத்திலும் கிறுகலாம் (திரும்பலாம்).

கிறவல் வேண்டுமென்றால் பிரதான வீதியை விட்டு, வயல்களுக்குள் போகும் கிளைப் பாதைகளில் இறங்குங்கள். புதியவருக்குக் கிறவலில் மணிக்கு 12 கிலோமீற்றர் கிடைத்தால் நல்ல வேகம். காலை 6 மணிக்கு வவுணதீவில் தொடங்கினால் காட்டோரத்தை அடையும்போது வெயில் நன்றாக ஏறியிருக்கும், இரவு மேய்ந்த யானைகள் உள்ளே போயிருக்கும். 10 மணி ஆனதும், குளம் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் திரும்புங்கள். மதிய வெயிலுக்கு முன் ஊருக்குள் வந்துவிடலாம். பஞ்சர் ஒட்ட நேரம் போனாலும் பின்னேரம் 4 மணி ஆகாது. அந்த 4 மணிக்குப் பிறகு காட்டோரத்தில் உங்களுக்கு வேலை இல்லை.

குளத்தில் இறங்கிக் குளிக்க ஆசை வரும். முதலை இருக்கும் தண்ணீர், ஊர் ஆட்கள் குளிக்கிற துறை தவிர வேறெங்கும் இறங்காதீர்கள்.

படி 5: கிறவலில் ஓடும் முறை

மெசினும் டிப்பரும் ஓடி இறுகிய சக்கரத் தடத்தில் ஓடுங்கள். உதிரிக் கல் நடுவிலும் ஓரத்திலும்தான் குவிந்திருக்கும். ஏற்றத்தில் எழும்பி நின்று மிதித்தால் பின்சில்லு வழுக்கும். சீற்றில் இருந்தபடியே சின்ன கியரில் மிதியுங்கள். இறக்கத்தில் வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் முன் பிறேக்கைப் பிடித்தால் விழுவது நிச்சயம். மணல் வந்தால் ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காமல், நேராக, நிறுத்தாமல் மிதித்துப் போங்கள். டிப்பர் வந்தால் இறங்கி ஓரமாக நின்றுவிடுவதே மேல். அவன் ஒதுங்க மாட்டான்.

படி 6: யானை

சைக்கிளுக்குச் சத்தம் இல்லை. அதுதான் ஆபத்து. கச்சான் காற்று முகத்தில் அடிக்கும்போது உங்கள் வாடையும் முன்னே போகாது. யானைக்குத் தெரியாமலே அதன் பக்கத்தில் போய் நிற்பீர்கள். அதனால் பற்றை அடர்ந்த இடங்களில் சத்தமாகக் கதைத்தபடி போங்கள். ஈரமான லத்தியோ புதிதாய் முறிந்த கொப்போ கண்டால் நின்று கவனியுங்கள். பட்டிக்காரர் (மாடு மேய்ப்பவர்), வாடியில் (குடிசையில்) காவலிருப்பவர் யாரைக் கண்டாலும் கேளுங்கள்.

"அண்ணன், முன்னுக்கு யானை நிக்குதா?"

"ராவு வந்தது. இப்ப உள்ளுக்குப் போயிற்று. ஆனா ஒரு தனியன் திரியுது, நீங்க அங்கால போகாதீங்க."

தனியன் என்றால் கூட்டத்தை விட்டுத் தனியே திரியும் யானை. போகாதீங்க என்றால் போகக்கூடாது. கண்டுவிட்டால் நெருங்காமல் மெதுவாகத் திரும்புங்கள். மணி அடிப்பது, கூவுவது, படம் எடுக்க நிற்பது எதுவும் வேண்டாம். ஒன்று கடந்து போனதும் வழி திறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், பின்னால் கூட்டம் வரலாம். மின்வேலிக் கம்பியில் கை வைக்கவோ அதைத் தாண்டவோ கூடாது.

இன்னொன்று, மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. என்றாலும் பாவனையிலுள்ள பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள், துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாதீர்கள்.

படி 7: கால் பழகிய பிறகு

செங்கலடி - பதுளை வீதியில் கரடியனாறு தாண்டிப் பெரிய புல்லுமலைப் பக்கம் போனால் நிலம் மெல்ல ஏறி இறங்கும். வீதி தார்தான், பிரியும் கிளைப் பாதைகளில் கிறவல் உண்டு. யானைக்குப் பேர்போன பகுதி என்பதால் நேரக் கணக்கை இன்னும் இறுக்குங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் வழியாகக் குடும்பிமலை. தூரத்திலிருந்தே மலை தெரியும், ஓடிக்கொண்டே இருப்பீர்கள், கிட்டவே வராது. மாரியில் கிரான் பக்கம் வெள்ளம் ஏறிப் படகில்தான் போக்குவரத்து நடக்கும் என்பதால் வரட்சிக் காலத்துக்கு மட்டும் இதை வையுங்கள்.

அம்பாறை மாவட்டத்தில் என்றால் பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகும் பாதை. கதிர்காம யாத்திரிகர் நடக்கிற வழி, பாறைக்குன்றும் காடும் மாறிமாறி வரும். உகந்தை முருகன் கோயிலோடு திரும்பிவிடுங்கள். அதற்கப்பால் குமண தேசியப் பூங்கா, உள்ளே சைக்கிள் விடமாட்டார்கள். பாணமையை விட்டால் வழியில் கடையை நம்ப முடியாது, தண்ணீரை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.