கொடிக்கம்பம் ஆடாமல் நடக்கக் கற்றேன்

புதிய கேடட்டான என்னிடம் எங்கள் பிரிவின் கொடியைக் கொடுத்தார்கள். பெருமையில் நெஞ்சு நிறைந்தது. ஆனால் முதல் ஒத்திகையில் பத்து அடி வைப்பதற்குள் கம்பம் முன்னால் சாய்ந்தது. இறுக்கிப் பிடித்தேன், இன்னும் ஆடியது.

"கையை விடு, வாரைப் பார்" என்றார் பயிற்றுநர். அதில்தான் கோளாறு. தோளிலிருந்து இறங்கும் வாரில், கம்பத்தின் அடி உட்காரும் குவளை ஒன்று இருக்கும். எனக்கு முன் கொடி ஏந்திய அண்ணன் நல்ல உயரம். அவர் அளவிலேயே மாட்டியிருந்ததால் குவளை என் தொடை வரை தொங்கியது. வாரைச் சுருக்கி அதை இடுப்புக்குக் கீழே, நடுவில் நிறுத்தினோம். கம்பத்தைப் பிடித்த வலது கை என் வாய்க்கு நேராக, முன்கை தரைக்கு இணையாக. எடையைத் தோள் வாங்கிக்கொண்டது. கம்பத்தை நேராக வைப்பது மட்டுமே கையின் வேலை.

அடுத்தது காற்று. விரிந்த துணி பாய்போல இழுக்கும். உச்சியில் விழும் சிறு தள்ளல்கூடக் கைக்குப் பெரிதாக வந்து சேரும். பறக்கவிடச் சொல்லாத நேரத்தில் துணியின் கீழ் மூலையைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்தேன். பாதி ஆட்டம் அடங்கியது.

மரியாதைக்குக் கொடியைத் தாழ்த்துவதைவிட, மறுபடி நிமிர்த்துவதுதான் கடினம். அதற்காக ஒரு கழியின் உச்சியில் ஈரத்துண்டைக் கட்டி, தினமும் மாலை மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணியபடி தாழ்த்தி உயர்த்தினேன். மூன்றாவது வாரம் மணிக்கட்டு வலி நின்றது.