வெசலைத் தேடி எச்ஆர்வியின் குறையை வாசிப்பவர்கள்

கார் வாங்க முன் இரவிரவாக யூடியூப் பார்க்காதவர் இப்போது குறைவு. ஆனால் பலர் பார்த்துவிட்டு வருவது வேறொரு காரைப் பற்றி.

சுசுகி வேகன்ஆரை எடுங்கள். சென்னைக்காரர் தமிழில் விலாவாரியாகக் குறை சொல்லும் வண்டி இந்திய மாருதி, 1000 அல்லது 1200 சிசி. கல்முனையிலும் காத்தான்குடியிலும் அதிகம் கைமாறுவது ஜப்பானில் இருந்து வந்த 660 சிசி. பெயர் மட்டும்தான் ஒன்று. ஹொண்டா வெசலும் அப்படியே. அது அமெரிக்காவில் எச்ஆர்வி என்ற பெயரில், 1800 சிசி பெற்றோல் எஞ்சினோடு விற்கப்பட்டது. நம்மிடம் ஓடும் ஹைபிரிட்டில் இருப்பது 1500 சிசி எஞ்சினும் இரட்டைக் கிளச் உள்ள 7 கியர் பொக்ஸும். அமெரிக்க முறைப்பாடுகளை எவ்வளவு வாசித்தாலும் அந்தக் கிளச்சைப் பற்றி ஒரு வரி கிடைக்காது. ஜப்பானிலோ, 2013இல் வெளிவந்த ஃபிட், வெசல் ஹைபிரிட்களை ஹொண்டா குறையைத் திருத்திக் கொடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மீள அழைத்தது.

ஆகவே பெயரை விட்டுவிட்டுச் செசி நம்பரின் முன்பகுதியைத் தேடுங்கள். முதல் தலைமுறை வெசலில் ஆர்யூ1 என்றால் பெற்றோல், ஆர்யூ3 என்றால் ஹைபிரிட். பதிவுப் புத்தகத்தில் உள்ள நம்பரையும் பொடியில் அடித்திருக்கும் நம்பரையும் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். முழு நம்பரையும் அந்தக் கம்பனியின் ஜப்பான் இணையத்தளத்தில், மீள அழைப்புத் தேடும் பக்கத்தில் போடுங்கள். அமெரிக்கத் தளங்கள் 17 எழுத்து நம்பர் கேட்கும். ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு அது கிடையாது. பழைய வண்டியானால் டகாட்டா என்ற கம்பனி செய்த எயார்பேக் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதிலுள்ள அமோனியம் நைட்ரேட் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கிடந்து பழுதாகி, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கக்கூடும். மட்டக்களப்புக் காற்றில் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பஞ்சமில்லை.

முறைப்பாடுகளை எண்ணிப் பார்ப்பது அடுத்த பிழை. நிறைய ஓடும் வண்டிக்கு நிறையவே முறைப்பாடு வரும். ஒரே பாகம், கிட்டத்தட்ட ஒரே கிலோமீற்றரில், தொடர்பில்லாத பலருக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கரி அடைத்து, கடைசியில் ஹெட் கஸ்கட் போவது அப்படிப்பட்டது. “ஏசி காணாது” என்று நாலு பேர் எழுதுவது அப்படியல்ல.

ஜப்பான் ஏலத்தில் வண்டியைப் பரிசோதித்து எழுதும் ஏலத் தாளை, விற்பவர் காட்டும் பிரிண்டில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். செசி நம்பரைக் கொடுத்து நீங்களே காசு கட்டி எடுங்கள். தரம் என்ற இடத்தில் ஆர் அல்லது ஆர்ஏ இருந்தால் விபத்துக்குப் பின் திருத்தியது. வரைபடத்தில் டபிள்யூ திருத்திய இடத்தையும், எக்ஸ்எக்ஸ் மாற்றிய பாகத்தையும் சொல்லும். அதிலுள்ள கிலோமீற்றரை இப்போதைய மீற்றரோடு வைத்துப் பாருங்கள்.

கராஜில் “வாகனம் நல்லமா?” என்று கேட்டால் “நல்லம்” என்றுதான் பதில் வரும். “பாஸ், இந்த மொடலில கடைசியா எதைக் கழட்டினீங்க? சாமான் எங்க எடுத்தீங்க?” என்று கேளுங்கள். கல்முனையில் எடுக்கும் சாமானும், கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் வரும்வரை காத்திருக்கும் சாமானும் ஒன்றல்ல. விற்பவர் கூட்டிப்போகும் கராஜை மட்டும் விட்டுவிடுங்கள்.

எந்த இணையத்தளத்திலும் வராத குறை ஒன்று நம்மூரில் உண்டு: மாரி வெள்ளம். கார்ப்பெற்றைக் கழுவலாம், வாசனை அடிக்கலாம். சீற் பெல்ட்டை முழுதாக வெளியே இழுங்கள். வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி முழத்தில் மண்ணிறக் கோடு நிற்கும். ஸ்பெயார் ரயரைத் தூக்கி அதன் குழியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். சீற்றுக்கு அடியிலுள்ள வயர் சொக்கற்றையும் கழற்றிப் பாருங்கள். செம்பு முனை பச்சை பூத்திருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கலாம்.