சேர்வராயன் மலைச் சரிவுகளில் பழைய ரோப்வே, வின்ச் பாதைகளை ஆவணப்படுத்துவது எப்படி

ஒரு ரோப்வே நின்றுபோனால் முதலில் காணாமல் போவது கம்பிவடம். அடுத்து பக்கெட்டுகள், பிறகு டவர்கள். எல்லாம் காயலான் கடைக்கு எடைக்குப் போய்விடும். சரிவில் மிஞ்சுவது கான்கிரீட் பீடங்களும் அவற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகளும்தான். பார்க்க ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அடிமுனையிலிருந்து மேல்முனை வரை முழு நீளமும் ஒரே இயந்திரம். நான்கு பீடங்கள், ஒரு பிரேக் டிரம், ஓர் எதிர்எடைக் குழி கிடைத்தால் போதும். அந்த இயந்திரம் எந்தத் திசையில் சரக்கு கொண்டுபோனது என்று சொல்லிவிடலாம். பக்கெட்டின் அளவும் இடைவெளியும் வேகமும் தெரிந்தால், மணிக்கு ஏறத்தாழ எத்தனை டன் என்பது வரை கணக்கிட்டுவிடலாம். அதனால் பதிவேட்டில் ஓர் எண் என்பது ஒரு முழுப் பாதைக்கு. டவர், கப்பி, பக்கெட் எல்லாம் அந்த எண்ணுக்குக் கீழே வரும் உட்பிரிவுகள். பொருளுக்கு ஒரு எண் கொடுத்துத் தொடங்கிய பட்டியல்கள் பாதியில் பழைய இரும்புப் பட்டியலாக முடிந்துவிடும்.

எங்கே தேடுவது

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இந்த 1,200 மீட்டரைச் சரக்கு எப்படிக் கடந்தது என்ற கேள்வியோடு தொடங்குங்கள். மலை மேல் காபித் தோட்டங்கள், உச்சிச் சமவெளிகளில் பாக்சைட். அடிவாரத்துக்கு அருகே சுண்ணாம்புக் கரடுகளில் மேக்னசைட். 1965-ல் மேட்டூரில் அலுமினிய ஆலை உற்பத்தி தொடங்கிய பிறகு மலை பாக்சைட்டுக்கு அருகிலேயே ஒரு வாடிக்கை வந்தது. ஆகவே மூன்று வகை இடங்களைப் பாருங்கள்: சுரங்க மேட்டின் விளிம்பு, எஸ்டேட்டின் பல்ப்பர் ஹவுசுக்கு (காபிப் பழத்தின் தோலை நீக்கும் கூடம்) மேலும் கீழும் உள்ள சரிவு, குழிச் சுரங்கத்தின் ஒரு பக்கமாக நேராக இறங்கும் சாய்பாதை.

இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைதாள்களில் ஏற்காடு 58 ஐ/1, சேலம் நகரமும் தெற்குச் சரிவும் 58 ஐ/2. ஒரே தாளின் வெவ்வேறு பதிப்புகளை ஒப்பிடுங்கள். ஒன்றில் ரோப்வே குறியீடு இருந்து அடுத்ததில் இல்லையென்றால், அது எந்த இடைவெளியில் மறைந்தது என்பது தெரிந்துவிடும். பிறகு மாவட்டக் கனிமவளத் துறையின் குத்தகைக் கோப்புகள், எஸ்டேட் கணக்குகள், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படம், நில விவரங்கள் அடங்கிய 'அ' பதிவேடு. ஒடுங்கி நீண்ட ஒரு பட்டையாகத் தனிப் புல எண் கிடந்தால் போய்ப் பார்ப்பது நல்லது. சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. மாவட்ட வன அலுவலரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். உண்ணிச்செடி காய்ந்து தரை தெரியும் ஜனவரி, பிப்ரவரி வேலைக்கு நல்ல காலம். அதற்குப் பின் காட்டுத்தீப் பருவம் என்பதால் அனுமதி கிடைப்பது கஷ்டம். மழைக்காலத்தில் அட்டைக்கடியும் வழுக்கலும்தான் மிச்சம். காட்டெருமை நடமாடும் சரிவுகளில் அந்தப் பகுதி வனக்காவலரோடு மட்டும் போங்கள்.

கோட்டைப் பிடிப்பது

ரோப்வே வளையாது. திரும்ப வேண்டுமானால் கோணநிலையம் ஒன்று கட்டியே ஆக வேண்டும். இது உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய சலுகை. இரண்டு பீடங்களின் இருப்பிடம் கிடைத்ததும் அவற்றை இணைக்கும் கோட்டை இரு பக்கமும் நீட்டி வரைபடத்தில் போடுங்கள். அடுத்த பீடம் அந்தக் கோட்டில்தான் இருக்கும். டவர்கள் சம இடைவெளியில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பள்ளத்தாக்கைத் தாண்டும் இடத்தில் சில நூறு மீட்டருக்கு ஒன்றுமே இருக்காது; மேட்டு முகட்டில், கம்பிவடம் சரேலென்று மடங்காமல் இருக்க, இரண்டு மூன்று அடுத்தடுத்து நிற்கும்.

மின்கோபுரப் பீடத்தோடு குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கும். மின்கோபுரத்தின் கால்கள் பெரும்பாலும் நேரே கான்கிரீட்டுக்குள் புதைந்து நிற்கும். ரோப்வே டவருக்கோ அடித்தட்டும் நட்டு போட்ட போல்ட்டுகளும் இருப்பது வழக்கம். இது ஓர் அறிகுறி மட்டுமே. கோட்டில் பொருந்தினால்தான் உறுதி.

காம்பஸை இரும்புக்கு அருகில் நம்பாதீர்கள்; குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கஞ்சமலைப் பக்கம் போனால் காந்த இரும்புக்கல்லே முள்ளை இழுத்துவிடும், அங்கே இரண்டு ஜிபிஎஸ் புள்ளிகளிலிருந்து திசையைக் கணக்கிடுவதே சரி. ஜிபிஎஸ் உயரத்தில் இன்னொரு பொறி உண்டு. சில கருவிகள் கடல் மட்டத்துக்கு மேலான உயரத்தைக் காட்டும், சில நீள்கோள உயரத்தை, அதாவது பூமிக்கான கணித வடிவத்திலிருந்து எடுத்த உயரத்தைக் காட்டும்; நம் பகுதியில் இரண்டுக்கும் சுமார் 90 மீட்டர் வித்தியாசம். அடிமுனையை ஒரு போனிலும் மேல்முனையை வேறொரு போனிலும் எடுத்தால் உயர வேறுபாடே பொய்யாகிவிடும். ஒரே கருவியை வைத்துக்கொள்ளுங்கள், வரைதாளில் உயரம் குறித்த ஓர் இடத்தில் முதலில் சரிபாருங்கள்.

நீளம் என்று எழுதும்போது எந்த நீளம் என்பதையும் எழுதுங்கள். வரைபடத்தில் 900 மீட்டர், உயர வேறுபாடு 400 மீட்டர் என்றால் சரிவு நீளம் சுமார் 985 மீட்டர், சாய்வு 44 சதவீதம், கோணம் 24 பாகை. சுற்றிவரும் கம்பிவடத்தின் மொத்த நீளம் இதன் இரு மடங்குக்குக் கொஞ்சம் மேல், ஏனென்றால் தொய்வும் கப்பிச் சுற்றும் சேரும். பழைய கோப்புகளில் இந்த மூன்றும் 'ரோப்வே நீளம்' என்றே கிடக்கும்.

கம்பிவடமும் கப்பியும்

எங்காவது ஒரு துண்டு கம்பிவடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தோட்ட வேலியாக, கொடிக்கம்பியாக, வாசல் சங்கிலியாக அது ஊருக்குள் இருக்கும். ஆனால் தூணுக்கும் தூணுக்கும் இடையே இன்னும் இறுக்கத்தோடு நிற்கும் வடத்தைத் தொடவோ, அதன் கீழோ நேர்கோட்டிலோ நிற்கவோ கூடாது. உள்ளே துருப்பிடித்து வெளியே நன்றாகத் தெரியும் வடம் எப்போது அறும் என்று யாரும் சொல்ல முடியாது. எதிர்எடைக் குழிக்குள் இறங்குவதும் அப்படித்தான்.

விட்டத்தை வெர்னியரால் புரிகளின் (பல கம்பிகளை முறுக்கிய இழைகள்; இவை சேர்ந்ததே வடம்) முதுகுகளுக்கு இடையே அளக்க வேண்டும். பள்ளத்தில் வைத்தால் குறைத்துக் காட்டும். மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் இரு திசைகளில் எடுங்கள். 18.6 மில்லிமீட்டர் வந்தால் 18.6 என்றே எழுதுங்கள். 'முக்கால் அங்குல வடமாக இருந்து தேய்ந்திருக்கலாம்' என்பது பக்கத்துக் கட்டத்தில் ஊகமாகப் போகட்டும். ஆங்கிலேயர் காலக் காகிதங்களில் கம்பிவடத்தின் அளவு பெரும்பாலும் சுற்றளவு. 'இரண்டரை அங்குல வடம்' என்று இருந்தால் அதன் விட்டம் சுமார் 20 மில்லிமீட்டர்தான். இதை விட்டமாக எடுத்துக்கொண்டால், பக்கெட்டுகளைச் சுமக்கும் வடத்தைக் கப்பலைக் கட்டிவைக்கும் வடமாக்கிவிடுவீர்கள்.

வெட்டிய முனையில் புரிகளையும் ஒரு புரியில் உள்ள கம்பிகளையும் எண்ணுங்கள். நடுவில் சணல் இருக்கிறதா, இரும்பா? வடத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் புரிகளின் தடம் விழும். ஆறு புரி வடத்தில் ஏழாவது தடம் தொடங்கும் இடத்தோடு ஒரு முறுக்கு முடிகிறது. மூன்று முறுக்கை அளந்து மூன்றால் வகுங்கள். கம்பிகள் வடத்தின் நீளவாட்டத்துக்கு இணையாகத் தெரிந்தால் சாதா முறுக்கு, குறுக்கே சாய்ந்து ஓடினால் லாங் முறுக்கு. வெளிக்கம்பிகள் ஒன்றோடொன்று கோத்து மேல்பரப்பு வழவழப்பாக இருந்தால் அது இழுவை வடமல்ல, பக்கெட் உருண்டோடிய தாங்கு வடம்.

தாங்கும் வடமும் இழுக்கும் வடமும் ஒன்றா, இரண்டா என்பது வகைப்பாட்டின் முதல் கேள்வி. வடமே இல்லாதபோது டவரின் தலையைப் பாருங்கள்: உருளும் கப்பிகள் மட்டும் இருந்தால் ஒற்றை வட அமைப்பு, அசையாத இரும்புச் சேணமும் அதற்குக் கீழே சிறு உருளையும் இருந்தால் இரட்டை வட அமைப்பு. முதலாவது 1860-களில் சார்லஸ் ஹாட்ஜ்சன் வழி வந்தது. இரண்டாவதைத் தொழிலாக வளர்த்தவர் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து அடோல்ஃப் பிளைஷெர்ட். கப்பியின் விட்டத்தைக் குழியின் அடியில் அளந்து, குழிக்குள் மரம், தோல், ரப்பர் ஏதாவது பதித்திருந்தார்களா என்று குறியுங்கள்.

மோட்டார் மேடை இல்லையே, இது முனைநிலையமாக இருக்காது என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. நம் மலைகளில் சரக்கு இறங்கத்தான் செய்யும். நிறைந்த பக்கெட்டுகள் இறங்கும்போது காலிப் பக்கெட்டுகளைத் தாமே மேலே இழுத்துக்கொள்ளும், மோட்டாரே தேவைப்படாமல் போகலாம். அப்படிப்பட்ட பாதையில் பிரேக்தான் எல்லாம். டிரம்மின் விட்டம், விளிம்பு அகலம், கட்டை மரமா லைனிங்கா, நெம்புகோலின் நீளம், தேய்மானம் எந்தப் பக்கம் என்று இதற்கே ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

பக்கெட்டின் உள்ளளவுகளை எடுத்துக் கொள்ளளவைக் கணக்கிட்டு, விளிம்பில் குத்திய எண்ணையும் எழுதுங்கள். உதாரணத்துக்கு, பக்கெட்டுகள் 100 மீட்டர் இடைவெளியில் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் 50 விநாடிக்கு ஒன்று, மணிக்கு 72. ஒன்றில் 250 கிலோ என்றால் மணிக்கு 18 டன்.

தண்டவாளத்தில் ஓடும் வின்ச்

பழனி மலையில் 1966-லிருந்து ஓடும் வின்ச்சும் நீலகிரியில் கிளென்மார்கனிலிருந்து சிங்காரா மின் நிலையத்துக்கு இறங்கும் வின்ச்சும் தமிழர்களுக்குப் பழகியவை. கைவிடப்பட்ட இழுவைப் பாதையில் தண்டவாளத்தின் உள்முகங்களுக்கு இடையே அளந்தால் பாதையின் அகலம் கிடைக்கும். தண்டவாளத் துண்டு ஒன்றை எடைபோட்டு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று பாருங்கள். மீட்டருக்கு 10 கிலோ என்பது பழைய கணக்கில் கெஜத்துக்கு 20 பவுண்டு. நடுவில் உள்ள உருளைகள் ஒரே வரிசையா இரண்டா, பாதையின் சரிபாதியில் விலகுபாதை (வண்டிகள் ஒன்றையொன்று கடக்கப் பாதை இரண்டாகப் பிரியும் இடம்) உண்டா என்பதில்தான் விஷயம். சரிபாதியில் விலகல் இருந்தால் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று சமன்செய்து ஓடியிருக்கின்றன. அந்த விலகலில் அசையும் பாகம் எதுவும் இல்லையென்றால் வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள்: ஒரு பக்கம் இரட்டை விளிம்பு, மறுபக்கம் விளிம்பில்லாத அகலச் சக்கரம். அதுதான் சுவிட்சர்லாந்தில் ரோமான் ஆப்ட் 1879-ல் கீஸ்பாக்கில் தொடங்கி, 1886-ல் லுகானோவில் இந்த வடிவுக்குக் கொண்டுவந்த முறை.

தேதி சொல்லும் பொய்கள்

டவர் இரும்பில் 'டாடா' என்றோ 'டோர்மன் லாங்' என்றோ உருட்டிய எழுத்து இருந்தால் அது இரும்பு செய்த ஆலையின் பெயர். ரோப்வே கட்டியவர் வேறு. மோட்டார் தகட்டில் உள்ள ஆண்டு மோட்டாரின் வயது. பாதைக்கு வயது அதிகமாக இருக்கலாம். ரிவெட்டுகளுக்கு நடுவில் போல்ட்டு தெரிந்தால் பிற்காலப் பழுது. தகட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வார்ப்பெழுத்தை அழித்துவிடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டிவிட்டு, மாலையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள்.

வேலை பார்த்தவர்களிடம் கேட்கும்போது 'கம்பிவடப் பாதை' என்று பேசாமல் 'ரோப்', 'வின்ச்', 'டிராலி' என்றே கேளுங்கள். எந்த வருஷம் என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைக்காது, "எமர்ஜென்சிக்கு முன்னாடியாங்க, பின்னாடியா?", "மூத்த புள்ள பொறந்தப்ப ஓடுச்சுங்களா?" என்று கேட்டால் கிடைக்கும். மணிக் குறி எத்தனை அடித்தால் ஓட்டு, எத்தனை அடித்தால் நிறுத்து, பிரேக் பிடிப்பவருக்கு என்ன கூலி, வடத்தை யார் எப்படிப் பின்னி இணைத்தார்கள், மசகுக்கு என்ன எண்ணெய் என்பதையெல்லாம் இரும்பு சொல்லாது. விபத்துகளைப் பற்றி நேரே கேட்காதீர்கள், பேச்சு தானாக அங்கே வரும். பேச்சைப் பதிவு செய்யும் முன் சம்மதம் வாங்குங்கள்.

மதிப்பிடுவதும் கோப்பு வைப்பதும்

ஒவ்வொரு பாதைக்கும் நான்கு கேள்விகள் போதும்: எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, தொழில்நுட்பத்தில் அரிதானதா, அந்த ஊரின் உழைப்போடு எவ்வளவு ஒட்டியது, இடம் கெடாமல் இருக்கிறதா. ஒப்பிடுவதற்கு நல்ல அளவுகோல்கள் உண்டு. அர்ஜென்டினாவின் சிலெசிட்டோ சுரங்க ரோப்வே 1905-ல் திறக்கப்பட்டது. ஒன்பது நிலையங்களோடு சுமார் 35 கிலோமீட்டர். அதை 1982-ல் தேசிய நினைவுச் சின்னமாக்கினார்கள். பக்கத்திலேயே, மூணாறு டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலை இறக்கிய ரோப்வே இருக்கிறது. சுவிட்சர்லாந்து தன் கம்பிவடப் பாதைகளுக்கென்றே தனி அரசுப் பட்டியல் வைத்திருக்கிறது. நம் நாட்டில் 1958-ம் ஆண்டு தொல்சின்னச் சட்டம் குறைந்தது நூறு வயதைக் கேட்கிறது. 1960-களின் பாக்சைட் காலத்து இரும்புக்கு அந்தக் குடை இன்னும் சில பத்தாண்டுகளுக்குக் கிடைக்காது. இன்றைக்கு அதற்கு ஒரே பாதுகாப்பு நல்ல பதிவேடுதான்.

பதிவேட்டில் 'கண்டது', 'கேட்டது', 'ஊகம்' என்று மூன்று பத்திகளைப் பிரித்தே வையுங்கள். ஒன்றாகக் கலந்துவிட்டால் பத்து வருடம் கழித்து யாராலும் பிரிக்க முடியாது. எண் 'ஏற்-03-ட-07' போல இருக்கட்டும்: பகுதி, பாதை, டவர், அடிமுனையிலிருந்து எண்ணிக்கை. எல்லாரும் கீழிருந்தே எண்ண வேண்டும். இடையில் புதிதாக ஒரு பீடம் கிடைத்தால் பழைய எண்களை மாற்றாமல் 07அ என்று கொடுங்கள். படங்களில் அளவுகோல் தெரிய வேண்டும், ஒவ்வொரு பீடத்துக்கும் பாதையின் இரு திசையிலும் ஒரு படம் வேண்டும். தமிழை யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலைத் தேடவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது.

பொதுவில் வெளியிடும் பிரதியில் ஆயத்தொலைவுகளை இரண்டு தசம இடத்தோடு நிறுத்துங்கள். அது சுமார் ஒரு கிலோமீட்டர் துல்லியம். ஐந்து இடம் வரை உள்ள முழு அளவு வன அலுவலகத்துக்கும், நில உரிமையாளருக்கும், நீங்கள் ஒப்படைக்கும் நூலகத்துக்கும் மட்டும் போகட்டும். நிற்கும் டவரின் சரியான இருப்பிடத்தை வெளியே போட்டால், முதலில் வந்து சேர்வது கேஸ் கட்டரோடு இரும்புத் திருடன்தான்.