நேர்த் தெருவில் பழகிய கார் முக்கில் திணறும்: செட்டிநாட்டில் ஓட்டக் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கார் பழகக் கிடைப்பது கொடுப்பினைதான். நூல் பிடித்தாற்போல் தெரு, அகலமான வீதி, பாதி வீடு பூட்டிக் கிடக்கும், எதிரே வண்டி வருவதே அபூர்வம். சிக்கலும் இதே தெருவில்தான் இருக்கிறது. பத்து நாள் நேராக ஓட்டியதும் எல்லாம் வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் நேர்ச் சாலையில் ஸ்டியரிங்குக்கு அதிக வேலையே இல்லை. பழக வேண்டியவை இடது காலும் கண்ணும். இந்த இரண்டையும் பழக்காமலே பலருக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) காலம் ஓடிவிடுகிறது.

முதல் தவறு சாவி போடும் முன்பே நடக்கிறது. அண்ணன் ஓட்டிய சீட்டை நகர்த்தாமல் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். கிளட்சை அடிவரை மிதித்துப் பாருங்கள். அப்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகைச் சாய்த்தபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் பட வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 செ.மீ., அதாவது ஒரு சாணுக்குச் சற்று மேல், இடைவெளி தேவை. விபத்தில் ஏர்பேக் விரிய அந்த இடம் வேண்டும். ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பார்வையும் பானெட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும்.

காலடியையும் பாருங்கள். கைலியும் தளர்ந்த வேட்டியும் பெடலில் சிக்கும். வார் அறுந்த ரப்பர் செருப்பு பிரேக்குக்கு அடியில் மடங்கும். மிதியடி மேல் இன்னொரு மிதியடி போட்டால் அது முன்னால் நகர்ந்து ஆக்சிலரேட்டரை அமுக்கிப் பிடிக்கும். உருண்டு வந்த தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்குக் கீழே போய் மாட்டிக்கொண்டால் எவ்வளவு மிதித்தாலும் பெடல் இறங்காது.

இனி கிளட்ச். பழகுவோரின் பாடு முக்கால்வாசி இதில்தான்.

புதுக் காரைப் பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். சுற்றிலும் சொந்தபந்தம், முன்னால் செல்போனோடு பிள்ளைகள். பழகி ஒரு வாரமே ஆனவர் பெருமையாக ஏறி உட்கார்ந்து, பழம் நசுங்க வேண்டுமே என்று ஆக்சிலரேட்டரை மிதிப்பார். எலுமிச்சம்பழத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது! இன்றைய கார்கள் பெரும்பாலும் சமதரையில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மெல்ல விட்டாலே நகர்ந்துவிடும். பூசையன்று ஓட்டத் தெரிந்தவர் உட்காரட்டும், முன்னால் ஒருவரும் நிற்க வேண்டாம். பழத்தை நசுக்கும் அந்த வேகம்தான் நீங்கள் வீட்டில் பழக வேண்டிய பாடம்.

பழகும் விதம் இது. காலியான பொட்டலில் முதல் கியர் போட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் தணியும், காரின் மூக்கு லேசாகத் தூக்கும். கிளட்ச் பிடிக்கும் இடம் அதுதான். வண்டி நகரத் தொடங்கியதும் சந்தோஷத்தில் காலைச் சட்டென்று எடுத்துவிடுவார்கள். கார் இரண்டு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகும். பிடித்த இடத்திலேயே இரண்டு நொடி காலை நிறுத்தி, வண்டி உருண்ட பிறகு மிச்சத்தை விடுங்கள். ஆக்சிலரேட்டர் இல்லாமல் இதை ஒரே நாளில் இருபது முறை செய்தால் கால் தானே கற்றுக்கொள்ளும்.

வண்டி ஆஃப் ஆவது அவமானமில்லை, காருக்குக் கேடும் இல்லை. அதற்குப் பயந்து எஞ்சினை அலறவிட்டு ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது பெடலைப் பாதி மிதித்தபடியே, ஊர்வதுதான் கேடு. கிளட்ச் தட்டு உராய்ந்து சூடாகி, கருகிய வாடை வரும். ஓடும்போது கிளட்ச் மேல் காலை வைத்துக்கொள்வதும் அப்படியே. கியர் மாற்றியதும் கால் கிளட்சை விட்டு இடப்பக்கம் தரைக்கு வந்துவிட வேண்டும்.

டிரைவிங் ஸ்கூல் காரில் இன்னொரு மயக்கம் உண்டு. மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் பெடல்கள் இருக்கும். வண்டி குலுங்காமல் கிளம்பியது உங்கள் காலாலா, அவர் காலாலா என்று உங்களுக்கே தெரியாது. ஐந்தாம் நாளுக்கு மேல், "மாஸ்டர், ஒரு சுற்று நீங்க கிளட்சைத் தொடாம உட்காருங்க" என்று கேளுங்கள். மூன்று முறை ஆஃப் ஆகும். உங்கள் பயிற்சி அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

பிரேக்கில் பொதுவான தவறு, கிளட்சை முதலில் மிதிப்பது. கிளட்ச் போட்டதும் எஞ்சின் சக்கரத்தை இழுத்துப் பிடிப்பது போய்விடும், வண்டி வழுக்கியபடி ஓடும். பிரேக் முதலில், வேகம் குறைந்து எஞ்சின் திணறும் நேரத்தில்தான் கிளட்ச். திடீரென ஏதாவது குறுக்கே வந்தால் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) உள்ள காரில் பெடல் தடதடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அது வேலை செய்கிறது என்று அர்த்தம். 60 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. கண் பார்த்துக் கால் மிதிக்க ஒரு நொடி, அதன்பின் காய்ந்த தார்ச்சாலையில் சுமார் 20 மீட்டர். ஆக, நிற்க 37 மீட்டர் வேண்டும். ஈரச் சாலையில் இதற்கும் மேல். முன்னால் போகும் வண்டிக்கு மூன்று நொடி இடைவெளி கேட்பது இதற்காகத்தான்.

முக்கு

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும். அதனால் முக்குக்கு முக்கு உயரமான சுவர்தான். உங்கள் கண்ணுக்கு ஆறேழு அடி முன்னால் காரின் மூக்கு இருக்கிறது. குறுக்குத் தெருவை நீங்கள் பார்க்கும்போது மூக்கு ஏற்கெனவே அதற்குள் போயிருக்கும். ஹார்ன் அடித்துவிட்டோம் என்று நுழைவது பெரிய தவறு. சைக்கிளில் வருபவரும் அதையே நம்பி வந்துகொண்டிருப்பார். முக்குக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்து, சுவர் முடியும் இடத்தில் அநேகமாக நிறுத்தி, முதல் கியரில் அடி அடியாக மூக்கை நீட்டுங்கள். எட்டிப் பார்த்தபிறகே திரும்ப வேண்டும்.

திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்வாங்கி வரும். இடப்பக்கம் திரும்புகிறவர் முன்பக்கம் தப்பியதும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட, பின்கதவு வாசற்படியில் உரசும், அல்லது பின்சக்கரம் சாக்கடைக்குள் இறங்கும். ஓரத்திலிருந்து மூன்றடி விட்டு, உங்கள் தோள் முக்கைத் தாண்டும்வரை காத்திருந்து ஒடியுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது கேமராவை மட்டும் நம்ப வேண்டாம். கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பாருங்கள். கோலம் போடுபவரும் தவழும் பிள்ளையும் கேமராவின் ஓரத்துக்கு வெளியே இருக்கலாம்.

மேடு

நம் ஊர் சமதரை என்பதால் மேட்டில் நிறுத்தி எடுக்கப் பழகாமலே லைசென்ஸ் வாங்கிவிடுகிறோம். பிறகு ஒருநாள் ரயில்வே மேம்பாலத்தில், பின்னால் பேருந்து ஒட்டி நிற்கும்போது வியர்க்கும். கண்மாய்க்கரைக்கு ஏறும் சாய்வான பாதை இருக்கிறதே, பழக அது போதும். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, முதல் கியரில் ஆக்சிலரேட்டர் கொஞ்சம் கொடுத்து, மூக்கு தூக்கும்வரை கிளட்சை விட்டு, அதன்பின் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வரிசை மாறினால் கார் பின்னால் உருளும். சில புதுக் கார்களில் வண்டியைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி உண்டு, ஆனால் அது இரண்டு மூன்று நொடிக்குத்தான். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் வேண்டாம். கியரில் இருக்க ஆக்சிலரேட்டரை விட்டாலே இன்றைய எஞ்சின்கள் எரிபொருளை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் எஞ்சின் சும்மா ஓடக் கொஞ்சம் குடிக்கும், பிரேக்கும் தனியாகச் சூடாகும்.

ஊருக்கு வெளியே தார் முடிந்து செம்மண் தொடங்கும் ஓரம் பல இடங்களில் நாலைந்து அங்குலம் தாழ்ந்திருக்கும். இடச்சக்கரம் அதில் இறங்கியதும் பதறி வலப்பக்கம் வெடுக்கென்று ஒடிப்பார்கள். சக்கரம் தாரின் விளிம்பில் முட்டி, சட்டென ஏறி, கார் எதிர்ப்பக்கம் பாயும். இறங்கியது இறங்கட்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, வேகம் 20 கி.மீ. அளவுக்குக் குறைந்தபின் பின்னால் பார்த்து மெல்ல ஏறுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஓரம் சேறாகிவிடும். வேறு வழியிருந்தால் இறங்கவே வேண்டாம்.

ஆடு ஒன்று கடந்தால் மந்தையே கடக்கும். முதல் ஆடு போனதும் கிளம்பாமல் கடைசி ஆட்டுக்காகக் காத்திருங்கள். தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் குன்றக்குடி, சிங்கம்புணரி வழியில் விடியுமுன்பே சாலையோரம் நடப்பார்கள். எதிர் வண்டி பிரைட்டில் வந்தால் அந்த வெளிச்சத்தைப் பார்க்காமல், இடப்பக்கச் சாலை விளிம்பைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள். நீங்களும் டிம் செய்யுங்கள்.

அறுவடை நாளில் தார்ச்சாலையில் வைக்கோல் பரப்பியிருந்தால் அதன்மேல் பிரேக் போடக் கூடாது, டயர் வழுக்கும். முன்பே வேகத்தைக் குறைத்துச் சுற்றிப் போக முடிந்தால் சுற்றிப் போங்கள். ஏறித்தான் போக வேண்டும் என்றால், தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். சைலன்சர் சூட்டில் வைக்கோல் பற்றிக்கொள்ளும். குச்சியால் தட்டிவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.